கோட்டைப் புறம்போக்கு

'அ' பதிவேட்டில் இருக்கிறது:
சர்வே எண் நூற்றுப் பதினேழு, கோட்டைப் புறம்போக்கு,
ஒரு ஹெக்டேர் நாற்பத்திரண்டு ஏர்.
கோட்டை இருக்கிறதா என்று பதிவேடு சொல்லாது.
உப்புக் கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருக்கிறது,
போய்ப் பார்த்து எழுத வேண்டும் நான்.

சாயல்குடி தாண்டி ஒரு விலக்கில் இறங்கி
செயின்மேன் அமலதாசன் வண்டியில்
உப்பளக் கரையோடு நாலு கிலோமீட்டர்.
பிறகு வண்டி போகாது.
பிறகு ஆடு போகிற வழி.
பிறகு ஆடும் யோசிக்கிற வழி.

எந்தப் படை முற்றுகையிட்டதென்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
கடைசியாக வந்து ஜெயித்தது சீமைக் கருவேலம்,
ஆட்டு வயிற்றில் ஏறி
புழுக்கையில் இறங்கி
ஒரு வெடிச்சத்தம் இல்லாமல்.

குனிந்தே போனோம்.
கடல் கேட்கிறது, தெரியவில்லை.
கருவி வானத்தைத் தேடுகிறது:
செயற்கைக்கோள் மூன்று என்கிறது, இரண்டு என்கிறது.
முள் கூரைக்குக் கீழே
நான் எங்கே நிற்கிறேன் என்று மேலே எவருக்கும் தெரியாது.
அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

"மேடம், மலை" என்றார் அமலதாசன்.
இந்தப் பக்கம் ஏழடி எழும்பினாலே மலைதான்.

செங்கல் என்று நினைத்திருந்தேன்.
முருகைக்கல்.
கடலடியில் பெயர்த்து, சுண்ணாம்பு வைத்து அடுக்கியது.
மண்ணைத் தட்டினால் பூப்பூவாய்த் துளைகள்.
ஒவ்வொன்றிலும் ஒருகாலத்தில்
வாய் மட்டுமே உடம்பான ஓர் உயிர்
நீரோட்டம் கொண்டுவருவதற்குக் காத்திருந்திருக்கிறது.
கடல்வழி வருகிறவனைத் தடுக்க
கடலையே வெட்டிக் கட்டியிருக்கிறார்கள்.
வந்தானா அவன்?
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கொத்தளம் வளைகிற இடத்தில் புகை.
கரிமூட்டம்.
பக்கத்தில் தலைத்துண்டோடு ஒரு பெண்,
எங்களைக் கண்டு மண்வெட்டியை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.
பெயர் இருளாயி என்று அப்புறம்தான் சொன்னாள்.
"எடத்த எடுக்க வந்தீகளா, அளக்க வந்தீகளா?"
அளக்க, என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதான். இது முன்னால வரும்."

இவ்வளவு காடு இருக்க ஏன் இங்கே மூட்டம்?
சுவரைக் காட்டினாள்.
"கச்சான் அடிச்சா மேல்மண்ணு வெடிச்சிரும்.
காத்து உள்ள போனா கரி இல்ல, சாம்பலு.
இந்தச் செவரு நிறுத்துது."

அமலதாசன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
யாரோ ஒரு ராசா, யாரோ ஒரு கொத்தன்,
எத்தனையோ முதுகுகள் ஈரக்கல் சுமந்து
எழுப்பிய சுவர்
இன்றைக்கும் ஒன்றை நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சுவர்மேல் ஏறிக் கம்பை நட்டேன்.
பதினான்கு செயற்கைக்கோள்.
முள் தலைகளுக்கு அப்பால் கடல், ஈயத்தகடு மாதிரி,
அதில் ஒரு வல்லம், நகர்கிறதா என்று சொல்ல முடியாதபடி.
இங்கே நின்றவனும் இதைத்தான் பார்த்திருப்பான்.
பெரும்பாலான நாட்களில்
ஒன்றும் வந்திருக்காது அவனுக்கு.
வெயில், பசி, மாற்றாள் வரத் தாமதம்.
ஏதாவது கப்பல் வந்து தொலையக் கூடாதா என்று
ஒருமுறையாவது நினைத்திருப்பான்.

கீழே வெள்ளைப் புகை நீலமானது.
இருளாயி ஓடிப்போய்த் துளைகளை
ஒவ்வொன்றாக ஈரமண் வைத்து அடைத்தாள்.
எங்களை அவள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

தற்போதைய நிலை: சுவர் உள்ளது, உபயோகத்தில்.
ஆக்கிரமிப்பு உண்டு / இல்லை: பேனா நின்றது.
பெயர் எழுதச் சொல்லி ஒரு கோடு வேறு.
கருவேலம் என்று எழுதினால் தாசில்தார் கூப்பிடுவார்.
மடித்துப் பையில் வைத்தேன்.

திரும்பும்போது செருப்பைத் துளைத்து ஏறியது ஒன்று.
அமலதாசன் குறடால் பிடுங்கினார்.
"முனை உள்ள தங்கிருச்சு மேடம், ரெண்டு நாள்ல தானா வந்துரும்."

ஒன்பது நாளாகிறது.
குதிகாலை அழுத்திப் பார்க்கிறேன்,
படிவம் இன்னும் பையில்.